எங்க வீட்லயும் அப்படித்தான்

எங்கள் டாக்டரம்மாவைப் பற்றி யாராவது "பாவம், ரொம்ப நல்ல மனுஷி" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நல்ல மனுஷி என்று யாரை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஒரு வேலையும் செய்யாமல் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாலே அந்தப் பட்டம் கிடைத்துவிடும். டாக்டரம்மாவைச் சிரித்த முகமாக நான் அதிகம் பார்த்ததில்லை. மாடிப்படி ஏறும்போது மூட்டுவலியில் முகத்தைச் சுளிப்பார். ஏறி முடித்ததும் மூச்சு வாங்குவார். மூச்சு திரும்பியதும் யாரையாவது திட்ட ஆரம்பிப்பார். அவர் கெட்டிக்காரி. எமகாதகி என்றே சொல்வேன். அதை அவரிடமே ஒருமுறை சொல்லப்போய், அந்தச் சொல்லுக்கு உட்கார்ந்து அர்த்தம் விளக்க வேண்டியதாயிற்று. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். ஆனாலும் தமிழ்ப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்.

போன குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்த எல்லோரும் அவருடைய அன்பைப் பற்றியே பேசினார்கள். தாய் மாதிரி என்றார் ஒருவர். தெய்வம் மாதிரி என்றார் இன்னொருவர். அவருடைய மூளையைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்க வேண்டுமே! என்னிடம் யாரும் மைக்கைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதை இங்கே எழுதுகிறேன்.

நான் சாத்தூர்க்காரி. அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. கல்யாணமாகி டெல்லிக்கு வந்து இறங்கியது கார்த்திகை மாதம். மாமனார் மத்திய சர்க்கார் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கரோல் பாக்கில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தார். என் கணவர் ஒரே பிள்ளை. அவரும் சர்க்கார் உத்தியோகம்தான். மாமியார் கல்யாணமான புதிதிலேயே டெல்லிக்கு வந்தவர். இந்தி தண்ணீர் பட்ட பாடு. காய்கறிக்காரனிடம் அவர் சண்டை போடுவதைக் கேட்கப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்களே பால்கனிக்கு வந்து நிற்பார்கள்.

அந்த மாமியார் என் மேல் வைத்த பாசத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் வினையே அங்கேதான் ஆரம்பித்தது. ஊரிலிருந்து வருகிற பெண்ணுக்குக் குளிர் தாங்காதே என்று, நான் வருவதற்கு முன்பே குளியலறையில் கேஸ் கீசர் மாட்டி வைத்திருந்தார். அது போதாதென்று, ரோஷன்தான் என்று இங்கே சொல்கிற மேல்ஜன்னலை அட்டை வைத்து, அதற்கு மேல் பத்திரிகைத்தாள் வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி அடைத்திருந்தார். காற்று நுழைய ஊசிமுனை இடம் கிடையாது. முதல் நாளே என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"பாத்தியா தாயி, உனக்காகத்தான். இனிமே நீ எவ்வளவு நேரம் குளிச்சாலும் குளிர் உள்ள வராது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த மாமியார் இப்படிச் செய்வாள்?

டெல்லியில் மார்கழி, தை மாதங்களில் குளியல் என்பது ஒரு சம்பிரதாயம். மாமனார் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு, முருகா முருகா என்று அலறியபடி வெளியே ஓடி வருவார். என் கணவர் பல நாள் முகத்தோடு சரி. மாமியார் பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, கீசரை நிறுத்திவிட்டுத்தான் குளிப்பார். நான் அப்படியில்லை. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. வெள்ளிக்கிழமையானால் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசியாக வேண்டும். குழாயைத் திறந்துவிட்டால் முடியில் எண்ணெய்ப் பிசுக்கு போகிறவரை மூடமாட்டேன். கீசரும் அதுவரை எரிந்துகொண்டே இருக்கும்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை குளியலறையில் விழுந்தேன். எனக்கு நினைவிருப்பதெல்லாம் தலைவலியும் குமட்டலும் மட்டும்தான். என் கணவர் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது கைகால் வெட்டி இழுத்ததாம். கூடத்தில் கொண்டுவந்து போட்டுக் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். தலையைப் படமெடுத்தார்கள், ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாத்திரையை ஒழுங்காக விழுங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது முறையும் விழுந்தேன். அதுவும் வெள்ளிக்கிழமை, அதுவும் குளியலறை.

அதற்குப் பிறகுதான் வீட்டில் அந்த வார்த்தை வந்தது. வலிப்பு. யாரும் அதை என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மாமியார் என்னை அடுப்பருகே விடவில்லை. மாமனார் என்னைப் பார்த்தால் பத்திரிகையை உயர்த்திக்கொண்டார். என் கணவர் மட்டும் வழக்கம்போல் பேசினார். ஆனால் அந்த வழக்கம்போல் என்பதற்கு அவர் படும் பாடு எனக்குத் தெரிந்தது. ஒரு மாலை மாமனார் சாத்தூருக்குப் போன் செய்தார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சம்பந்தி. மறைச்சிருக்க வேண்டாம்."

அந்தப் பக்கம் அப்பா என்ன சொன்னாரோ தெரியாது. மாமனார் கடைசியாகச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "வந்து கூட்டிட்டுப் போங்க. கொஞ்ச நாள் அங்க ஓய்வா இருக்கட்டும்."

ஓய்வு என்றால் என்னவென்று தெரியாதவள் நானில்லை. எங்கள் தெருவிலேயே அப்படி ஓய்வுக்கு வந்து, திரும்பிப் போகாமலே தலை நரைத்த ஒரு அக்கா உண்டு. அப்பா ரயில் ஏறிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவார் என்று தெரிந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் யாரை ஏமாற்றினேன்?

டாக்டரம்மாவிடம் என்னை யாரும் கூட்டிப்போகவில்லை. காரணம் இதுதான்: கரோல் பாக்கிலும் லக்ஷ்மிபாய் நகரிலும் பாதித் தமிழ்க் குடும்பங்கள் அவரிடம்தான் போகும். விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்று மாமியாருக்குப் பயம். ஆகவே காய் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கட்டாகப் பைக்குள் திணித்துக்கொண்டு நானே போனேன். இந்தி தெரியாமல், வழி தெரியாமல், டாக்டர் டாக்டர் என்று நாலு கடையில் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், துணிக்கிடங்குக்கும் தையல் கடைக்கும் நடுவே ஒரு முன்னறை. அதுதான் கிளினிக்.

"பைட்டோ, பைட்டோ, உட்காரு. யார் வீட்டுப் பொண்ணு நீ?"

சொன்னேன்.

"அச்சா, புது மருமகளா? கூட யாரும் வரலையா?"

"இல்லைங்க டாக்டரம்மா. காய் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அப்போ ஜல்தி சொல்லு. காய் வாங்க எவ்வளவு நேரம்தான் ஆகும்?"

காகிதக் கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவர் அதைத் தொடவேயில்லை. "இது கிடக்கட்டும். எங்கே விழுந்தே?" என்று கேட்டார்.

எல்லோரும் எப்படி விழுந்தாய் என்றுதான் அதுவரை கேட்டிருந்தார்கள். கை இழுத்ததா, நுரை வந்ததா, உன் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று. எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

"பாத்ரூம்லங்க."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்."

"வேற எங்கேயாவது? கிச்சன்ல? பஸ்ல? தூக்கத்துல?"

"இல்லைங்க."

"விழறதுக்கு முன்னாடி தலைவலி?"

"ஆமா. எண்ணெய் தேய்ச்சதுல வருதுன்னு நெனச்சேன். குமட்டிட்டும் வந்துச்சு."

"வெளியே தூக்கிட்டு வந்தப்புறம்?"

"கொஞ்ச நேரத்துல சரியாப்போச்சு."

ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தார். "உன் ஊர் எது?"

"சாத்தூருங்க."

"சாத்தூர், நாளைக்கு உன் வீட்டுக்கு வர்றேன். நீ இங்கே வந்ததா யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். உன் மாமியாரோட முழங்கால் எப்படி இருக்குன்னு பார்க்க நானா வர்றேன்."

அன்றிலிருந்து கடைசிவரை அவருக்கு நான் சாத்தூர்தான். அவர் வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார், கூட்டிக்கொண்டு போகப் போகிறார் என்று தேம்பித் தேம்பிச் சொன்னேன்.

"போகணும்னு ஆசையா?"

"இல்லைங்க."

"அப்போ அழாதே. போய்க் காய் வாங்கு. வெறுங்கையோட போனா மாட்டிக்குவே."

வெளியே வந்து காலிஃபிளவர் வாங்கினேன். எங்கள் வீட்டில் அதை யாரும் சாப்பிடமாட்டார்கள் என்பதுகூட எனக்கு நினைவில் இல்லை.

மறுநாள் சொன்னபடி வந்தார். இரண்டு மாடி ஏறிய களைப்பில் சோபாவில் விழுந்து, லிஃப்ட் இல்லாத வீட்டில் குடியிருப்பவர்களை எல்லாம் பொதுவாகத் திட்டினார். மாமியாரின் முழங்காலை அழுத்திப் பார்த்தார். காப்பி குடித்தார். பிறகு, "கை கழுவணும்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனார்.

கை கழுவுகிறவர் திரும்பி வரவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. வெந்நீர்க் குழாயைத் திறந்தார். கீசர் குப்பென்று பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அந்த நீல நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் கணவரைக் கூப்பிட்டு முக்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மூட்டுவலியோடு அதன்மேல் ஏறினார். டேப் கிழிகிற சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் ஓடினோம். அட்டையும் பத்திரிகைத்தாளும் பொத்தென்று கீழே விழுந்தன. குளிர்காற்று முகத்தில் அடித்தது.

"ஐயோ, குளிர் வருமே டாக்டரம்மா!" என்றார் மாமியார்.

"வரட்டும். அதுதான் மருந்து." முக்காலியிலிருந்து இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கேஸ் எரியணும்னா காத்து வேணும். காத்து இல்லாம எரிஞ்சா விஷமாயிடும். அந்த விஷம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. நீங்கள்லாம் ரெண்டு சொம்பு ஊத்திட்டு ஓடி வந்துடறீங்க. இவ உள்ளேயே நின்னு முடி அலசறா. அதனால இவ விழறா. வலிப்பும் இல்லை, கிலிப்பும் இல்லை."

மாமியார் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தன் கையால் ஒட்டிய டேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதானே அடைச்சே?" என்று மாமனார் அவர் பக்கம் திரும்பினார். என் கணவரும் அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் நாக்கு நுனியில் அப்போது என்னென்ன நின்றது என்று எனக்குத்தான் தெரியும். என் அப்பாவைப் போனில் கேட்ட கேள்விக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தேன். கொடுத்திருந்தால் அந்த வீட்டில் நான் வாழ்ந்திருக்கலாம். ஆனால் அந்த மாமியாரோடு வாழ்ந்திருக்க முடியாது.

டாக்டரம்மா சத்தமாகத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்க வீட்லயும் அப்படித்தான்! போன வருஷம் நானே அடைச்சேன். நான்! டாக்டர்! வீட்டுக்காரர் உள்ளே குளிக்கப்போனவர் தடால்னு விழுந்தார். சோப்பு வழுக்கிடுச்சு, பார்த்துக் குளிக்கத் தெரியாதான்னு அவரையே திட்டினேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் புத்தி வந்தது. குளிர் வந்தா இந்த ஊர்ல எல்லாருக்கும் புத்தி மழுங்கிப்போகுது, என்ன செய்ய?"

மாமனார் முதலில் சிரித்தார். அப்புறம் என் கணவர் சிரித்தார். மாமியார் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"நீங்களா டாக்டரம்மா? நெசமாவா?"

"நானேதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, என் கிளினிக்குக்கு ஆள் வரமாட்டாங்க."

என் நாக்கு நுனியில் இருந்ததெல்லாம் உள்ளே போய்விட்டது. டாக்டரே செய்த தப்பை மாமியார் செய்தால் எப்படிச் சண்டை போடுவது?

ஆனால் அவர் அதோடு விடவில்லை. சிலருக்கு வெறும் சுடுதண்ணீர் தலையில் விழுந்தாலே வலிப்பு வருமாம். அது இல்லை என்று பார்த்தால்தான் தனக்கு நிம்மதி என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில், கீசரை நிறுத்திவிட்டு, சமையலறை அடுப்பில் அண்டா அண்டாவாக வெந்நீர் போட்டு, அதே குளியலறையில் நான் அதே மாதிரி எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கதவைத் தாழிடக் கூடாது. அவர் வெளியே உட்கார்ந்திருப்பார்.

"பொம்பளைப் புள்ள ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேய்க்கிறதா டாக்டரம்மா?" என்று மாமியார் இழுத்தார்.

"தோஷம் என் தலைக்கு. அந்தத் தலையில ஏற்கெனவே நிறைய இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உத்தரவு வந்தது. "பாடிட்டே குளி சாத்தூர். சத்தம் நின்னா நான் உள்ளே வந்துடுவேன்."

எனக்குப் பாட்டு வராது. ஆனால் மளிகைக் கடைக்காரர் மகளுக்கு வாய்ப்பாடு வரும். குளிரில் பல் கிட்டிக்க, சுடுதண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, பன்னிரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தேன். வெளியே டாக்டரம்மா, மாமியார், மாமனார், என் கணவர் எல்லோரும் பரீட்சை நடக்கிற மாதிரி வரிசையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்களாம். பதினாறாம் வாய்ப்பாட்டில் எனக்குத் தடுமாற்றம் வந்தது.

"பதினாறு ஒம்போது... நூத்தி முப்பத்தி..."

"நூத்தி நாப்பத்தி நாலு!" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அப்பா வந்துவிட்டார். ரயிலிலிருந்து இறங்கி, யாரும் அழைக்க வராமல், தானே ஆட்டோ பிடித்து விலாசத்தைத் தேடி வந்து, மகளைச் சீக்காளியாகக் கூட்டிப்போக மனதைத் திடப்படுத்திக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தவரின் காதில் முதலில் விழுந்தது என் வாய்ப்பாடு. பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாராம். நான் முடியைத் துண்டால் முடிந்துகொண்டு வெளியே வந்தேன். மயக்கமும் இல்லை, தலைவலியும் இல்லை. டாக்டரம்மா என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"உங்க பொண்ணுக்கு எந்த வியாதியும் இல்லை. பதினாறாம் வாய்ப்பாடு மட்டும் கொஞ்சம் வீக்."

மாமனார் எழுந்து போய் அப்பாவின் கையிலிருந்த பையை வாங்கினார். ஆபீசில் யாரிடமும் தலை குனியாதவர் என்று பெயர் எடுத்த மனிதர். அந்தப் பையைத் தானே சுமந்து உள் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"போன்ல பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி."

"எந்த போன்?" என்றார் அப்பா.

அப்பா பத்து நாள் இருந்து, ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் தனியாகத்தான் திரும்பினார். கீசர் பால்கனிக்கு இடம் மாறியது. ஆஸ்பத்திரி மாத்திரையை டாக்டரம்மா அங்கிருந்த பெரிய டாக்டரிடம் பேசி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நிறுத்தினார். நான் அப்புறம் விழவேயில்லை. இன்று என் மகள் கல்லூரிக்குப் போகிறாள். அவள் முடியும் என் முடி மாதிரிதான்.

அதன் பிறகு அவர் வேலை செய்கிற விதத்தைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். இருமல் நிற்காத குழந்தையின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பதோடு விடமாட்டார். அது எங்கே படுக்கிறது என்று பார்க்க அந்த வீட்டுக்குப் போவார். கட்டிலுக்குப் பின்னால் சுவர் ஈரம் கோத்து நிற்கும். இடுப்புவலி என்று வந்த சர்தார்ஜி வியாபாரியின் கடைக்கே போய், அவர் கல்லாவில் எப்படிக் கோணிக்கொண்டு உட்கார்கிறார் என்று பார்த்துவிட்டு, நடுக்கடையில் வைத்துப் பஞ்சாபியில் விளாசியிருக்கிறார். கரோல் பாக்கில் அவர் ஏறாத மாடி இருந்தால் அது அவர் போனப்புறம் கட்டின மாடியாக இருக்கும். அந்தக் கால்களோடு! "வர்றவங்க உடம்பை மட்டும்தான் கொண்டு வர்றாங்க சாத்தூர். வீட்டைக் கொண்டு வர முடியுமா? அதான் நான் போறேன்" என்பார். இதை நினைத்து எனக்கு இருக்கும் பெருமை சொல்லி மாளாது. எங்கள் டாக்டரம்மா என்று சொல்லும்போது என் குரலே மாறிவிடுகிறது என்று என் மகள் கேலி செய்கிறாள்.

மாமியாரின் கதை இன்னும் சுவாரசியம். நடந்ததை மூடி மறைத்திருக்க வேண்டியவர், ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கோயிலில் சொல்வார், கல்யாண வீட்டில் சொல்வார். ஊரிலிருந்து புதிதாக யாராவது மாற்றலாகி வந்தால், பால் காய்ச்சுகிற அன்றைக்கே போய் அவர்கள் குளியலறையை எட்டிப் பார்ப்பார். எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்: "டாக்டரம்மா வீட்லயே நடந்திருக்கு, கேளுங்க. அவ்வளவு படிச்சவங்களே ஜன்னலை அடைச்சிருக்காங்க. நான் என்னத்தக் கண்டேன்?" அவர் சொல்லிக் கேட்டு எத்தனை வீட்டு ரோஷன்தான் திறந்ததோ, எனக்குத் தெரியாது.

இரங்கல் கூட்டம் முடிந்து சில நாள் கழித்து, மாமியாரைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். அத்தனை வருஷப் பழக்கத்தில் நான் அந்த வீட்டுக்குள் போனது அதுதான் முதல் தடவை. அவர்தான் எல்லோர் வீட்டுக்கும் போவாரே தவிர, யாரையும் தன் வீட்டுக்கு வரவிட்டதில்லை. அவருடைய கணவர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற இன்ஜினியர், அதிகம் பேசாதவர். மாமியாரை அவர் எதிரில் உட்கார வைத்துவிட்டுக் கை கழுவக் குளியலறைக்குப் போனேன்.

பழைய குளியலறை. கல்யாணத்துக்கு வாங்கினது மாதிரி ஒரு பித்தளை அண்டா. ஆணியில் தண்ணீர் காய்ச்சுகிற எலக்ட்ரிக் ராடு தொங்கியது. ரோஷன்தானுக்குக் கண்ணாடியே இல்லை, கம்பிவலை மட்டும்தான். அதுவும் துருப்பிடித்துப் பல வருஷமாகியிருந்தது. சுவரில் கேஸ் குழாய் வந்துபோன அடையாளம் எங்கேயும் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கீசர் மாட்டிய ஆணித்தடம்கூட இல்லை.

ஈரக்கையோடு கூடத்துக்கு வந்தபோது மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். "நீங்க அன்னிக்கு பாத்ரூம்ல விழுந்தீங்களே, அதைச் சொல்லித்தான் என் குடும்பத்தைக் காப்பாத்துனாங்க."

எனக்குத் திக்கென்றது. டாக்டரம்மாவின் கணவர் மாமியாரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"ஆமாம்மா. நல்ல அடி. குளிர் வந்தா இப்பவும் முதுகு வலிக்கும்."

விடைபெறும்போது மாமியார் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் டாக்டரம்மாவின் கணவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன். "அங்கிள், இந்த வீட்ல கேஸ் கீசர் எப்ப இருந்தது?"

"எப்பவும் இல்லைம்மா." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "நான் பாத்ரூம்ல விழுந்திருக்கேன். மாத்திரையை மாத்திப் போட்டுக்கிட்டிருக்கேன். சுகரோட ஒளிஞ்சு லட்டு தின்னு மாட்டிக்கிட்டிருக்கேன். கரோல் பாக்ல யார் என்ன தப்புப் பண்ணினாலும் அது முதல்ல எங்க வீட்ல நடந்துடும். யாராவது வந்து கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லிடுங்கன்னு எனக்கு உத்தரவு. தப்புப் பண்ணினவங்க தலை குனிஞ்சா வாயை மூடிக்குவாங்க, அடுத்த வீட்டுக்காரனுக்கு யார் சொல்லுவாங்கன்னு கேப்பா."

அவர் சிரிப்பு அதற்கு மேல் நிற்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூளை, மூளை என்று நான் இத்தனை நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷிக்கு மூளையும் அன்பும் ஒரே இடத்தில்தான் இருந்திருக்கின்றன என்பது அந்த வாசலில் வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்தோம். மாமியார் படியில் ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்று மேல்ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். முதல் மாடிக்குப் புதிதாக யாரோ குடிவந்திருந்தார்கள். ஏதோ கம்பெனி வேலையாகக் கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வந்த சின்னப் பிள்ளைகள்.

"அங்க பாரு தாயி. அட்டை வெச்சு அடைச்சிருக்காங்க."

"நாளைக்குச் சொல்லிக்கலாம் அத்தை. களைச்சிருக்கீங்க."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றார்.

முதல் மாடி ஏறியதும் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்த பெண்ணுக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்ரூம் ஜன்னலை யாரும்மா அடைச்சது? நீயா? பரவால்ல, பயப்படாதே. எங்க வீட்லயும் அப்படித்தான். நான்தான் அடைச்சேன், என் கையாலேயே. இதோ நிக்கிறாளே, இவதான் விழுந்தா. நல்லவேளை பொழைச்சா." அந்தப் பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடினாள். டேப் கிழிகிற சத்தம் கேட்டது.

இத்தனை வருஷத்தில் டாக்டரம்மா வீட்டை முதலில் இழுக்காமல் அவர் இந்தக் கதையைச் சொல்லி நான் கேட்டதில்லை. மாடி ஏறும்போது கேட்டேன். "டாக்டரம்மா வீட்டுக் கதையைச் சொல்லலையே அத்தை?"

அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்க செஞ்ச தப்பை இனிமே ஊர்ல எதுக்குச் சொல்லிட்டுத் திரியணும்? என் தப்பு ஒண்ணு போதும், தாயி."

அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளை ஏறினேன்.